மான்கொம்புப் பெரணி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிப்பக்க இலை பழுப்பாகிக் காய்ந்துவிட்டது. வெட்டி எடுத்துவிடலாமா?

வேண்டாம். காய்ந்த பிறகும் அந்த இலை செடிக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மான்கொம்புப் பெரணிக்கு இரண்டு விதமான இலைகள் உண்டு. மரத்தோடும் பலகையோடும் ஒட்டிப் படரும் வட்டமான இலை கவச இலை. நடுவிலிருந்து கிளை பிரிந்து நீண்டு தொங்குவது கொம்பு இலை. கவச இலை பச்சையாகத் தோன்றி, முழு அளவை எட்டியதும் பழுப்பாகி, காகித அட்டைபோல் விறைத்துவிடும். அதற்கு மேல் அடுத்த கவசம் வளரும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து உள்ளே மக்கும் இலைகளில்தான் வேர்கள் ஓடுகின்றன. தண்ணீரைப் பிடித்துவைப்பதும், வேரைச் சூட்டிலிருந்து காப்பதும், மெல்ல மக்கிச் சத்தாவதும் அந்த அடுக்குகளே. தனக்கு வேண்டிய மண்ணை இந்தச் செடி தானே சேர்த்துக்கொள்கிறது. பழுப்புக் கவசத்தைப் பிய்த்தால் கூடவே வேரும் அறுந்து வரும், அருகிலிருக்கும் குருத்தும் அடிபடும்.

காய்ந்து விறைப்பாக இருக்கும் பழுப்பு இயல்பானது. தொட்டால் கொழகொழவென்று இருந்து, கறுத்து, புளித்த வாடை வீசினால் அது அழுகல். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மரத்தில் ஒட்டி வளர்கிறதே, மரத்தின் சாற்றை உறிஞ்சுமா?

உறிஞ்சாது. இது ஒட்டுண்ணி அல்ல, தொற்றுத் தாவரம். மரத்தை உட்காரும் இடமாக மட்டுமே பயன்படுத்துகிறது. தண்ணீர் மழையிலிருந்தும், சத்து மேலிருந்து விழும் சருகு, தூசி, பூச்சிகளின் எச்சம் ஆகியவற்றிலிருந்தும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெரிய இனங்கள் நன்றாக நனைந்தால் மிகவும் கனமாகிவிடும். பட்டுப்போன கிளையிலும் மெல்லிய கிளையிலும் ஏற்றக் கூடாது.

எந்த இனத்தில் தொடங்குவது?

பிளாட்டிசீரியம் என்ற இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 18 இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா எனப் பரவிக் கிடக்கும் இவற்றில் ஒன்றே ஒன்றுதான், ஆண்டினம், தென் அமெரிக்காவைச் சேர்ந்தது.

முதல் செடிக்கு பைஃபர்கேட்டம் என்பதே எங்கள் பதில். கிழக்கு ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளர்வது. கொஞ்சம் காய்ந்தாலும், கொஞ்சம் குளிர்ந்தாலும், வெளிச்சம் சற்றே குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பக்கக் கன்றுகளும் தாராளமாக விடும். வெண்சாம்பல் நிறத்தில் நிமிர்ந்த கொம்புகள் வேண்டுமென்றால் வீட்சியை எடுக்கலாம். மற்றவற்றைவிட அதிக வெளிச்சம் தாங்கும்.

சூப்பர்பம், கிராண்டே இரண்டும் பிரமாண்டமானவை. கவசத்தின் மேல் விளிம்பு கிரீடம்போல் விரிந்து சருகுகளைப் பிடிக்கும். இவை பக்கக் கன்று விடுவதில்லை. இருக்கும் ஒரே குருத்து அழுகினால் செடியே போயிற்று. அதனால் தண்ணீர்ப் பழக்கம் கைவந்த பிறகு வாங்குவது நல்லது. சிறு வயதில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வளர்ந்த செடியில் ஒவ்வொரு கொம்பு இலையிலும் சூப்பர்பத்துக்கு ஒரு ஸ்போர்த் திட்டு, கிராண்டேக்கு இரண்டு. (ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் நுண்தூள்.)

வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து காடுகளின் வாலிச்சியை வளர்ப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வறண்ட பருவத்தில் அது இலைகளைச் சுருட்டிக்கொண்டு ஓய்வுக்குப் போகும். வாடிவிட்டது என்று பயந்து அப்போது தண்ணீரை ஊற்றுவதால்தான் பெரும்பாலான வாலிச்சிகள் அழுகுகின்றன. ரிட்லியை, மடகாஸ்கரியன்ஸ் என்ற இனங்களும் அழகுதான். காட்டில் அவற்றின் கவசங்களுக்கு அடியில் எறும்புகள் குடியிருக்கும். ஈரமும் காற்றோட்டமும் ஒரே சமயத்தில் தொடர்ந்து கிடைத்தால்தான் வளரும். தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

மரக்கிளைகளின் ஊடே சலித்து விழும் வெளிச்சம். காலை இளவெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டால் நல்லதே. நண்பகல் வெயில் நேராகப் பட்டால் இலை வெளிறி, வெளிறிய இடம் பழுப்புத் திட்டாகிவிடும். வீட்டுக்குள் என்றால் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டுங்கள். கையை இலைக்கு மேல் பிடித்தால் விளிம்பு மங்கலான நிழல் விழ வேண்டும். நிழலே விழாத மூலையில் செடி பல மாதம் உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. அங்கே தண்ணீரும் மெதுவாகவே உலர்வதால் அழுகல் முதலில் தாக்குவது அந்தச் செடியைத்தான்.

பலகையில் கட்டுவது எப்படி?

கவசம் 10 செ.மீ. அகலமுள்ள செடிக்கு 30 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள பலகை போதும். தேக்கு, தேவதாரு போல ஈரத்தில் சீக்கிரம் உளுத்துப்போகாத மரமாக இருக்கட்டும். கார்க் பட்டை இன்னும் நல்லது. செம்புச் சேர்மம் ஏற்றிப் பதப்படுத்திய மரம் ஆகாது. செம்புக் கம்பியும் செம்பு ஆணியும் அப்படித்தான், செம்பு பெரணிக்கு நஞ்சு. பலகையின் மேல் விளிம்பில் இரண்டு துளையிட்டு மாட்டும் கம்பியை முதலிலேயே கோத்துவிடுங்கள். செடியைக் கட்டிய பிறகு துளையிட்டால் வேர் ஆடிப்போகும்.

கவசத்தைவிட 5 செ.மீ. பெரிதாகப் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, வட்டத்தின் மேல் 8 துருப்பிடிக்காத ஆணிகளைச் சம இடைவெளியில், தலை 1 செ.மீ. வெளியே நிற்கும்படி அடிக்கவும். ஸ்பேக்னம் என்ற, தண்ணீரைப் பிடித்துவைக்கும் சதுப்புநிலப் பாசியை 30 நிமிடம் நீரில் ஊறவைத்து, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். இந்தப் பாசியைக் கையாளும்போது கையுறை போடுவது அவசியம். தோலில் கீறல் இருந்தால் அதன் வழியாக ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று வரக்கூடும்.

பிழிந்த பாசியை வட்டத்துக்குள் 4 முதல் 5 செ.மீ. உயரத்துக்கு, நடுவில் சற்று மேடாகப் பரப்புங்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரிலுள்ள பழைய கலவையில் பாதிவரை உதிர்த்துவிடுங்கள். வேர்ப்பந்து தட்டையாக வேண்டும், அறவே வெறுமையாகக் கூடாது. இனித்தான் கவனம் வேண்டும். கவசத்தின் நடுவில், புதிய இலைகள் எழும் இடத்தில், மெல்லிய ரோமத்தோடு ஒரு குருத்து இருக்கும். அது பாசிக்குள் புதையாமல் காற்றுப் பட வெளியே இருக்க வேண்டும். புதிய கவசம் மேல்நோக்கி விரியும்படியும் கொம்பு இலைகள் முன்னே வந்து கீழே தொங்கும்படியும் செடியைத் திருப்பி வையுங்கள்.

பிறகு தூண்டில் நரம்பை ஓர் ஆணியில் முடிந்து, கவசத்தின் மேலாக எதிர் ஆணிக்கு இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். குருத்தின் மேலும் இளம் பச்சைக் கவசத்தின் விளிம்பின் மேலும் நரம்பு போகக் கூடாது. கட்டி முடித்ததும் பலகையை நிமிர்த்தி மெல்லத் தட்டிப் பாருங்கள். செடி ஆடினால் புது வேர் பலகையைப் பிடிக்காது; அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுவதே வழி. அடுத்த கவசம் வளர்ந்து நரம்பை மூடிவிடும், அதை எடுக்க வேண்டியதில்லை.

தொட்டியில் வளர்க்கலாமா?

சிறு வயதில் வளர்க்கலாம். தோட்ட மண் மட்டும் வேண்டாம். மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, ஸ்பேக்னம் பாசி ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெண்ணிற எரிமலைக் கல் துகள்) அல்லது கரித்துண்டு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். தேங்காய் மட்டைத் துண்டைச் சேர்ப்பதானால் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும். கவசம் தொட்டியின் வாயை மூடத் தொடங்கினால் மேலிருந்து ஊற்றும் தண்ணீர் உள்ளே போகாது. அப்போது பலகைக்கோ கம்பிக்கூடைக்கோ மாற்றுங்கள். கூடை, கன்று விடும் இனங்களுக்கு மிகப் பொருத்தம். கம்பி இடுக்குகளின் வழியே நாற்புறமும் கன்று வந்து சில ஆண்டுகளில் முழு உருண்டையாகும்.

தண்ணீர் எப்போது, எப்படி?

இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரில்தான். குறைவதைவிட மிகுவதால் அதிகம். கிழமை வைத்து ஊற்றாதீர்கள், எடையைப் பார்த்து ஊற்றுங்கள். நன்றாக நனைத்து, சொட்டு நின்ற பிறகு பலகையைத் தூக்கி அதன் எடையைக் கைக்குப் பழக்குங்கள். சமையலறைத் தராசில் எழுதிவைத்தாலும் நல்லதே. பாசி உலர உலர எடை குறையும். பலகை நன்றாக லேசாகி, கவசத்தின் ஓரத்தில் விரலை நுழைத்தால் பாசி மேலாக உலர்ந்தும் உள்ளே ஈரத்தின் சுவடு மட்டும் இருந்தால், அதுதான் நேரம். பைஃபர்கேட்டத்தில் கொம்பு இலைகள் வழக்கத்தைவிடச் சற்றே தளர்ந்து தொங்கும். அந்த அளவு வாட்டம் அதைப் பாதிக்காது.

நனைக்கும்போது அரைகுறையாக நனைக்காதீர்கள். அகலமான தொட்டியில் அறை வெப்பநிலைத் தண்ணீரை எடுத்து, பலகையின் பின்பக்கமும் பாசியும் மூழ்கும்படி 10 முதல் 20 நிமிடம் வையுங்கள். காய்ந்து இறுகிய பாசி முதலில் தண்ணீரைத் தள்ளிவிடும், அதனால்தான் இந்த நேரம் தேவைப்படுகிறது. பின் நிமிர்த்திச் சொட்டவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். மூழ்கவைக்க முடியாத பெரிய செடிக்கு, கவசத்தின் பின்னே மேலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அடியில் சொட்டியதும் 10 நிமிடம் விட்டு மறுபடி ஊற்ற வேண்டும்.

வெப்பமான, காற்று வீசும் நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறைகூடத் தேவைப்படலாம். சாதாரண நாட்களில் வாரம் ஒரு முறை, குளிர்ந்த நாட்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இவை தொடக்கக் கணக்கு மட்டுமே, எடையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். புதிதாகக் கட்டிய செடிக்கு முதல் ஆறு வாரம் பாசி முழுதாக உலராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் இன்னும் பலகையைப் பிடிக்கவில்லை.

உப்பு மிகுந்த தண்ணீர் பாசியில் வெண்படிவத்தை உண்டாக்கி வேர்நுனியைக் கருக்கும். மழைநீர் கிடைத்தால் அதற்கே முதலிடம். வேறு வழியில்லையென்றால் மாதம் ஒரு முறை ஓடும் நீரில் பாசியை நன்றாக அலசிவிடுங்கள்.

தினமும் இலையில் நீர் தெளித்தால் போதாதா?

போதாது. தெளிக்கும் நீர் மேற்பரப்பில் நின்று சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும், பாசிக்குள் இறங்காது. குளிர்சாதன அறையில் இலை நுனி கருகினால் செடியைக் குளிர்காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றுவதே தீர்வு. காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பைஃபர்கேட்டம் திருப்தியாக வளரும்.

வெப்பநிலை?

பெரும்பாலான இனங்களுக்கு 18 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏற்றது. பைஃபர்கேட்டம் 10 டிகிரியில் வளர்ச்சி குறைந்து நிற்கும், ஆனால் சாகாது. தாழ்நில வெப்பமண்டல இனங்களான ரிட்லியை, கொரொனேரியம் ஆகியவற்றை 15 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்து, குளிர் நாளில் செடி சற்று உலர்ந்தே இருக்கட்டும்.

இலைமேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. துடைக்கலாமா?

துடைக்காதீர்கள். அவை செடியின் நுண்ரோமங்கள். வெயிலைத் தணித்து, ஈரம் வீணாவதைக் குறைக்கின்றன. ஒரு முறை துடைத்தால் அந்த இலையில் திரும்ப வளராது. தூசி இருந்தால் மென்மையாக நீர் தெளித்துக் கழுவலாம்.

கொம்பு நுனியின் அடியில் பழுப்புத் திட்டு. நோயா?

வெல்வெட் போல ஒரே சீராக, இலையின் அடிப்பக்கம் மட்டும் இருந்தால் அது ஸ்போர்த் திட்டு. செடி முதிர்ந்துவிட்டது என்று மகிழுங்கள். மேல்பக்கம் பச்சையாகவே இருக்கும். இரு பக்கமும் ஊடுருவித் தெரியும் திட்டுதான் நோய்.

என்ன உரம் போடுவது? வாழைப்பழத் தோலைக் கவசத்துக்குப் பின்னால் வைக்கலாமா?

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரத்தை (19-19-19 அல்லது 20-20-20) ஒரு லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் கரைத்து, வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை ஊறவைக்கும் நீரோடு கொடுங்கள். முற்றிலும் உலர்ந்த பாசிக்கு உரநீர் கொடுத்தால் வேர் கருகும். முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிறகு உரநீரில் வையுங்கள். வளர்ச்சி நின்ற மாதங்களில் உரம் வேண்டாம். சூப்பர்பம்போல மேலே திறந்த கவசம் உள்ளவற்றில், மெதுவாகக் கரையும் உருண்டை உரத்தை அரைத் தேக்கரண்டி கவசத்துக்குள் போட்டால் சில மாதங்களுக்கு வரும்.

வாழைப்பழத் தோல் வைப்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை, நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இலை வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்து அதில் மிகக் குறைவு. அழுகும் தோல் குருத்தின் பக்கத்திலேயே ஈரத்தையும் பழ ஈயையும் எறும்பையும் கொண்டுவந்து வைக்கிறது. எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். காய்ந்த சருகைப் பொடித்து மேல் திறப்பில் ஒரு பிடி தூவுங்கள், இயற்கை தருவதும் அதைத்தான்.

குருத்தைச் சுற்றிக் கறுக்கிறது. காப்பாற்ற முடியுமா?

குருத்து இன்னும் கெட்டியாகப் பச்சை கலந்து இருந்தால் முடியும். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். கொழகொழத்த பகுதியை, ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் நல்ல திசு தெரியும்வரை வெட்டி எடுங்கள். பாசி சொதசொதவென்று புளித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நல்ல காற்றோட்டத்தில் வைத்து, பாசி உலர்ந்த பிறகே அடுத்த நனைப்பு. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியைத் தொடவே வேண்டாம். குருத்தே மென்மையாகி, தொட்டால் கையோடு வந்துவிட்டால் அந்தத் தனிச்செடி முடிந்தது. பைஃபர்கேட்டமாக இருந்தால் பக்கக் கன்று எதுவும் தப்பியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும்.

அழுகலுக்கு அடிப்படைக் காரணம் கிருமியைவிட இடமாகவே இருக்கும்: காற்று நகராத மூலை, அளவுக்கு மிஞ்சிய பாசி, சுவரோடு ஒட்டிய பலகை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் பாதித் தொல்லை வராது.

பூச்சி வந்தால்?

செதில் பூச்சி இலை நரம்போரத்தில் பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். ஸ்போர்த் திட்டோ என்று ஐயம் வந்தால் நகத்தால் நெம்பிப் பாருங்கள், தனித்தனி ஓடாகப் பெயர்ந்தால் பூச்சி. மாவுப்பூச்சி குருத்தின் மடிப்பில் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும். குறைவாக இருக்கும்போதே மென்மையான தூரிகையாலோ, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பூச்சியை மட்டும் தொட்டோ எடுத்துவிடுங்கள். எண்ணெய் கலந்த மருந்தை இலை முழுக்க அடித்தால் நுண்ரோமங்கள் ஒட்டிக்கொண்டு இலை கெடும். வெளியில் மாட்டிய செடியில் இளம் கவசம் கடிபட்டிருந்தால் நத்தைதான், இரவில் விளக்கு வைத்துத் தேடிப் பிடியுங்கள்.

பக்கக் கன்றை எப்போது பிரிப்பது?

கன்றின் கவசம் 8 முதல் 10 செ.மீ. அகலமாகி, அதற்கென்று கொம்பு இலையும் வந்த பிறகு. அதற்கு முன்னால் பிரித்தால் வேர் போதாது. கன்றைச் சுற்றி 2 செ.மீ. தள்ளிக் கூரிய கத்தியை இறக்கி, அடியிலுள்ள பழுப்பு அடுக்கும் வேரும் சேர்ந்து வரும்படி நெம்பி எடுங்கள். தாயின் குழியில் ஈரப் பாசியை அடைத்துவிட்டு, கன்றை மேலே சொன்னபடி சிறு பலகையில் கட்டுங்கள்.

பிரிப்பது கட்டாயமில்லை. கூட்டமாக விடும்போதுதான் பைஃபர்கேட்டத்தின் முழு இயல்பும் தெரிகிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்டு ஹோவ் தீவில் இந்தக் கூட்டங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை, கூட்டத்திலுள்ள எல்லாச் செடிகளும் ஸ்போர் உண்டாக்குவதில்லை என்றும், மழைநீரை உள்ளே திருப்புவதும் அதை உறிஞ்சிப் பிடித்துவைப்பதும் இடத்துக்கேற்ப வேறுவேறு செடிகளிடம் இருக்கின்றன என்றும் கண்டது. எறும்பு, தேனீக் கூட்டங்களைப் போன்ற கூட்டுவாழ்வு தாவரத்திலும் உண்டோ என்ற கேள்வியை அது எழுப்பியது.

ஸ்போரிலிருந்து வளர்க்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். கன்று விடாத சூப்பர்பத்துக்கும் கிராண்டேக்கும் வீட்டில் செய்யக்கூடிய வழி இதுதான். திட்டு நன்றாகப் பழுப்பாகி உதிரத் தொடங்கும்போது வெள்ளைக் காகிதத்தின் மேல் சுரண்டி, காகித உறையில் ஒரு வாரம் உலரவிடுங்கள். வாலிச்சியின் ஸ்போர் பச்சை நிறமானது, சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும், எடுத்தவுடன் விதையுங்கள். மூடியுள்ள ஒளி புகும் டப்பாவில் தேங்காய் நார்த்தூளை 3 செ.மீ. நிரப்பிக் கொதிநீர் ஊற்றி, ஆறியதும் ஸ்போரை மிக மெல்லியதாகத் தூவி மூடுங்கள். மேலே மண் போடக் கூடாது. 22 முதல் 28 டிகிரியில், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும். பிறகு அது சிறு இதய வடிவத் தகடுகளாகும். கருவுறத் தண்ணீர்ப் படலம் தேவை, அந்தக் கட்டத்தில் கொதித்து ஆறிய நீரை மெல்லத் தெளியுங்கள். உண்மையான முதல் இலைகள் வரப் பல மாதங்கள் ஆகும். அடர்த்தியாகத் தூவியதாலும், பூஞ்சை புகுந்ததாலும்தான் பெரும்பாலான டப்பாக்கள் வீணாகின்றன. 2 செ.மீ. உயர நாற்றுகளைப் பிரித்து நட்டு, மூடியை ஒரு மாத காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

கவசம் மட்டுமே வருகிறது, கொம்பு வரவில்லையே?

இளம் செடிகள் முதலில் கவசத்தையே போடும். சூப்பர்பம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். முதிர்ந்த செடியிலும் ஒரு பருவம் கவசத்துக்கு, ஒரு பருவம் கொம்புக்கு என்று மாறி மாறி வரும். முதிர்ந்த பைஃபர்கேட்டத்தில் ஓராண்டாகியும் கொம்பு இல்லையென்றால் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்.

நாய், பூனை கடித்தால்?

இரண்டுக்குமே இது நஞ்சல்ல.

பலகையைவிடச் செடி பெரிதாகிவிட்டது. என்ன செய்வது?

பிரித்தெடுக்காதீர்கள், வேர்கள் பலகையின் இழைக்குள் போயிருக்கும். பழைய பலகையை அப்படியே பெரிய பலகையின் மேல் வைத்துப் பின்பக்கமிருந்து துருப்பிடிக்காத திருகாணிகளால் முடுக்கி, இரண்டுக்கும் நடுவிலுள்ள படியை ஈரப் பாசியால் நிரப்புங்கள். புதிய கவசங்கள் அதை மூடிக்கொள்ளும். இதை வளர்ச்சி வேகமெடுக்கும் வெப்பப் பருவத்தின் தொடக்கத்தில் செய்யுங்கள். மாட்டும் கம்பியையும் அப்போதே சங்கிலியாக மாற்றி, செடி நனைந்திருக்கும்போது உள்ள எடைக்குக் கொக்கி தாங்குமா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.